பிரதிகள் முரண்படும்போது: பரவிய சேமிப்பு அமைப்புகளில் தரவுச் சிக்கலைத் தீர்க்க முழுமையான வழிகாட்டி

ஒரே பதிவுக்கு மூன்று சர்வர்களில் மூன்று பிரதிகள். பொருளின் இருப்பு 7 என்கிறது ஒன்று. 6 என்கிறது இன்னொன்று. மூன்றாவதோ நடந்தது எதுவும் தெரியாமல் 10-இலேயே நிற்கிறது. எது சரி?

பல டேட்டாபேஸ்கள் இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கின்றன: கடைசியாக எழுதப்பட்டது எதுவோ, அது. ஆனால் நடந்தது என்ன என்று பாருங்கள். நெட்வொர்க் துண்டித்திருந்த நேரத்தில் ஒரு பக்கம் 3 விற்றது, மறுபக்கம் 4 விற்றது. அப்படியானால் உண்மையான இருப்பு 3. அந்த எண் மூன்று பிரதிகளில் எதிலுமே இல்லை. இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், எதைத் தேர்ந்தெடுத்தாலும் தப்புதான்.

எனவே "எது புதியது" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அதிக தூரம் போக முடியாது. ஒவ்வொரு மாற்றமும் எதைப் பார்த்துவிட்டுச் செய்யப்பட்டது, என்ன செய்ய நினைத்தது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது.

இந்த நிலை வருவதற்கு யாராவது தவறு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. எரிக் புரூவர் 2000-இல் ஊகமாக முன்வைத்து, 2002-இல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் நிரூபித்த கேப் தேற்றம் சொல்வது இதுதான்: நோடுகளுக்கு (பிரதிகளை வைத்திருக்கும் சர்வர்களுக்கு) இடையே தொடர்பு அறுந்துபோனால், எல்லோருக்கும் ஒரே பதிலைத் தருவதா, எல்லாக் கோரிக்கைக்கும் பதில் தருவதா என்பதில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்த அமைப்பில் முரண்பாடு வந்தே தீரும்.

படி 1: எதையும் சரிசெய்யும் முன் இரு பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள்

முரண்பாடு தெரிந்ததும் ரிப்பேர் கட்டளையை ஓடவிடத்தான் கை போகும். நிறுத்துங்கள். பல அமைப்புகளில் ரிப்பேர் என்பது ஏற்கெனவே வைத்திருக்கும் விதிப்படி ஒரு பக்கத்தை ஜெயிக்கவைத்து மறுபக்கத்தை அழிக்கும் வேலை. தோற்ற பக்கத்தில் என்ன இருந்தது என்பது அதற்கப்புறம் யாருக்கும் தெரியாது.

கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு புலத்தின், அதாவது பதிவுக்குள் உள்ள ஒரு தனி விவரத்தின், பழைய மதிப்பும் புதிய மதிப்பும் வட்டில் தனித்தனிக் கோப்புகளில் கொஞ்ச காலம் சேர்ந்தே கிடக்கும். அந்தக் கோப்புகளை ஒன்றாக்கும் கம்பாக்ஷன் ஓடும்போதுதான் தோற்ற மதிப்பு காணாமல் போகிறது. உடனே ஒவ்வொரு நோடிலும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) எடுத்தால் அந்தக் கோப்புகள் தப்பித்துவிடும். அது ஹார்ட் லிங்க் போடும், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர் வைக்கும், வேலை மட்டுமே என்பதால் நேரமும் ஆகாது, எடுத்த நிமிடத்தில் இடமும் அடைக்காது. அதோடு, நேர அட்டவணைப்படி தானாக ஓடும் ரிப்பேர் வேலைகளையும் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள்.

மாங்கோடிபி டேட்டாபேஸில் பழைய தலைமை நோடு (எழுதுவதையெல்லாம் முதலில் ஏற்கும் சர்வர்) மறுபடி கிளஸ்டரில், அதாவது நோடுகளின் கூட்டத்தில், சேரும்போது, மற்றவர்களுக்குப் போய்ச் சேராத தன் மாற்றங்களைத் திரும்பப் பெற்றுவிடும். அப்படி விலக்கப்பட்ட ஆவணங்கள், இயல்பு அமைப்பை யாரும் மாற்றியிருக்காவிட்டால், தரவு அடைவுக்குள் 'ரோல்பேக்' என்ற அடைவில் கோப்புகளாக இருக்கும். நிறையப் பேர் அந்த அடைவைத் திறந்தே பார்ப்பதில்லை. முதலில் அதை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள்.

மாற்றங்கள் இன்னும் இரு பக்கமும் வந்துகொண்டே இருக்கின்றன என்றால், ஒரு பக்கத்தைப் படிப்பதற்கு மட்டும் என்று மாற்றுவது நல்லது. சேவை குறையும், திட்டு விழும். பரவாயில்லை. 2018 அக்டோபரில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் நடந்ததைப் பாருங்கள். வெறும் 43 விநாடி நெட்வொர்க் துண்டிப்பு. அதற்குள் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் தலைமை இன்னொரு டேட்டா சென்டருக்கு மாறிவிட, இரண்டு பக்கத்திலும் மறுபக்கத்தில் இல்லாத மாற்றங்கள் சேர்ந்துவிட்டன. சேவை பழைய நிலைக்குத் திரும்ப 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது. சேவை வேகத்தைவிடத் தரவைக் காப்பாற்றுவது முக்கியம் என்று தெரிந்தே அவர்கள் எடுத்த முடிவு அது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

படி 2: இது முரண்பாடுதானா என்று பாருங்கள்

பிரதிகள் வேறுபடுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, வெறும் தாமதம். ஒரு பிரதி பின்தங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்து சேரும். ரெப்ளிகேஷன் தாமத அளவை, அதாவது மாற்றங்கள் பிரதிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்பதை, பாருங்கள். குறைந்துகொண்டே வருகிறது என்றால் காத்திருப்பதே வைத்தியம்.

இரண்டாவது, சேதம். டிஸ்க் கெட்டோ, எழுதும்போது மின்சாரம் போயோ ஒரு பிரதியின் பைட்டுகள் மாறிவிட்டன. இங்கே கருத்து வேறுபாடே இல்லை. ஒன்று சரி, மற்றொன்று கெட்டது, பைட்டுகளிலிருந்து கணக்கிட்டு வைத்த செக்சம் என்ற சரிபார்ப்பு எண் அதைக் காட்டிக்கொடுக்கும். செஃப் என்ற சேமிப்பு அமைப்பு இதற்காகவே ஸ்கிரப் என்ற சோதனையை ஓட்டுகிறது. இயல்பு அமைப்பில் மேலோட்டமானது தினமும், பைட்டுகளையே படித்துப் பார்க்கும் ஆழமானது வாரம் ஒருமுறையும் நடக்கும். அது புகார் சொன்னால், ரிப்பேர் கொடுப்பதற்கு முன்னால் எந்தப் பிரதியின் செக்சம் பொருந்தவில்லை என்ற பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதே டிஸ்க் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் டிஸ்க்கை மாற்ற வேண்டிய நேரம்.

மூன்றாவதுதான் நிஜமான முரண்பாடு: இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அறியாமல் மாற்றியிருக்கின்றன, இரண்டுமே ஆரோக்கியமான தரவு. இனி வருவதெல்லாம் இதைப் பற்றியதே.

படி 3: எந்த மாற்றம் எதைப் பார்த்திருந்தது?

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம்.

டைம்ஸ்டாம்பை, அதாவது எழுதிய நேரக் குறிப்பை, ஒப்பிட்டால் போதாதா? போதாது. இரண்டு சர்வர்களின் கடிகாரம் ஒருபோதும் ஒன்றாக ஓடாது. கடிகாரங்களை நெட்வொர்க் வழியே ஒத்துவைக்கும் என்டிபி வைத்திருந்தாலும் மில்லிவிநாடிக் கணக்கில் விலகும், என்டிபி நின்றுபோன சர்வரில் நிமிடக் கணக்கிலும் விலகும். ஒரு கிளையன்ட் சர்வரின் (டேட்டாபேஸுக்கு எழுத வரும் சர்வரின்) கடிகாரம் 5 நிமிடம் முன்னால் ஓடுகிறது என்று வையுங்கள். கசாண்ட்ராவில் டைம்ஸ்டாம்பைப் பொதுவாகக் கிளையன்ட் டிரைவர்தான் போடுகிறது. அந்தச் சர்வர் எழுதிய மதிப்பின் மேல் மற்றவர்கள் அடுத்த 5 நிமிடத்துக்கு என்ன எழுதினாலும் "வெற்றி" என்றே பதில் வரும், ஆனால் எதுவும் மாறியிருக்காது. பிழைச் செய்தி இல்லை, நடந்ததைக் குறித்துவைக்கும் லாகில் ஒரு வரி இல்லை. முரண்பாடுகளிலேயே மோசமான வகை இது. கூகுளின் ஸ்பேனர் டேட்டாபேஸ் இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதம் சுவையானது. ஜிபிஎஸ்ஸும் அணுக் கடிகாரமும் வைத்துக்கொண்டும், "இப்போது மணி இத்தனை" என்று அது சொல்வதில்லை, "இதற்கும் இதற்கும் நடுவில்" என்றுதான் சொல்கிறது. அந்த இடைவெளி கடக்கும்வரை காத்திருந்துவிட்டே மாற்றத்தை உறுதிசெய்கிறது.

கடிகாரம் இல்லாமல் முன்பின் சொல்ல முடியும் என்று கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978-இலேயே காட்டிவிட்டார். அந்த வழியில் வந்தவைதான் வெர்ஷன் வெக்டரும் வெக்டர் கிளாக்கும். விஷயம் எளிது. ஒவ்வொரு நோடும் தன் பெயருக்கு எதிரே ஒரு எண் வைத்திருக்கும், தான் மாற்றும்போதெல்லாம் அதைக் கூட்டும். பதிவோடு அந்த எண்களும் சேர்ந்தே பயணிக்கும்.

அ, ஆ என்று இரண்டு நோடுகள். ஒரு பிரதியில் "அ:2, ஆ:1", இன்னொன்றில் "அ:1, ஆ:1" என்று இருந்தால், முதலாவது இரண்டாவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதப்பட்டது. எல்லா எண்ணும் சமம் அல்லது பெரிது. எனவே இரண்டாவதைத் தயங்காமல் விட்டுவிடலாம். ஆனால் ஒன்றில் "அ:2, ஆ:1", மற்றதில் "அ:1, ஆ:2" என்றால் ஒன்று மற்றதைப் பார்க்கவில்லை. ஒரே சமயத்தில் நடந்தவை என்று இதைத்தான் சொல்கிறோம். சுவர்க் கடிகாரப்படி ஒன்று மணிக்கணக்கில் முந்தியதாகவே இருக்கலாம், அது பொருட்டில்லை. இரண்டையும் இணைத்து அ நோடு எழுதும்போது பிறப்பது "அ:3, ஆ:2". அது இரண்டையும் மூடிவிடும்.

ரியாக் என்ற டேட்டாபேஸ் இதை உங்களுக்குக் கணக்கிட்டு, முரண்படும் மதிப்புகள் எல்லாவற்றையும் 'உடன்பிறப்புகள்' என்ற பெயரில் திருப்பித் தருகிறது. கௌச்டிபி என்ற டேட்டாபேஸ் ஆவணத்தின் திருத்த வரலாற்றை மரமாக வைத்திருக்கிறது. அது ஒரு கிளையை வெற்றியாளராகக் காட்டும், ஆனால் தோற்ற கிளையை அழிப்பதில்லை. கேட்டால்தான் சொல்லும், ஆவணத்தைப் படிக்கும்போது முரண்பாடுகளையும் தா என்று அளவுருவில் குறிப்பிட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த வெற்றியாளர் நீளமான திருத்த வரலாறு, சமமானால் திருத்த அடையாளத்தின் அகரவரிசை என்ற விதிப்படி தேர்வாகிறது. எல்லா நோடும் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதில் எது சரி என்ற தீர்ப்பு கிடையாது.

இப்படி எதுவுமே தராத அமைப்பா? அப்ளிகேஷன் லாகுக்குப் போக வேண்டியதுதான். ஒவ்வொரு மாற்றமும் எந்த வெர்ஷனைப் படித்துவிட்டு வந்தது, எந்தக் கோரிக்கை எண்ணில் வந்தது என்று தேடுங்கள். லாகில் "இருப்பு 7 ஆனது" என்று மட்டும் இருந்தால் திண்டாட்டம். "3 குறைத்தது" என்று இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

படி 4: தரவின் பொருளைப் பார்த்து விதியை முடிவுசெய்யுங்கள்

ஒரு பதிவு முழுவதற்கும் ஒரே விதி வைப்பது அரிதாகத்தான் சரிவரும். புலம் புலமாகப் பிரியுங்கள்.

'கடைசியாக எழுதியதே வெற்றி' என்ற விதி எங்கே சரி? பயனர் கடைசியாக வந்த நேரம், சென்சார் அளவு, மறுபடி கணக்கிட்டுக்கொள்ளக்கூடிய கேஷ் (வேகத்துக்காக வைத்திருக்கும் தற்காலிக நகல்), இவைபோன்ற இடங்களில். ஒரு மதிப்பு தொலைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று உங்களால் வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். வருத்தம் என்னவென்றால், இந்த விதியை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. இயல்பு அமைப்பாக வந்து உட்கார்ந்துவிடுகிறது.

எண்ணிக்கைகளுக்கு மதிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு வித்தியாசத்தைச் சேருங்கள். மேலே பார்த்த இருப்பில், பிரிவதற்கு முன் 10. ஒரு பக்கம் 3 குறைத்தது, மறுபக்கம் 4 குறைத்தது. 10-லிருந்து இரண்டையும் கழித்தால் 3. இதற்குப் பொதுவான முன்னோர் மதிப்பு வேண்டும். அதனால்தான் பழைய ஸ்னாப்ஷாட்டும் பேக்கப்பும் இந்தப் படியில் தங்கம். வருங்காலத்துக்கு, ஒவ்வொரு நோடும் தன் கூட்டலையும் கழித்தலையும் தனித்தனியாக வைத்திருக்கும் எண்ணிகளைப் பயன்படுத்தலாம். 2011-இல் மார்க் ஷப்பிரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் முறையாக வரையறுத்த தனித்தனியே மாறினாலும் முரண்பாடின்றித் தானாக இணையும் சிஆர்டிடி என்ற தரவு வகைகளில் இதுவும் ஒன்று.

பட்டியல்களும் தொகுப்புகளும் சேர்ப்பதற்கு எளிது, நீக்குவதற்குக் கடினம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் சேர்த்தது எதுவும் தொலையாது. ஆனால் ஒரு பக்கம் நீக்கியது மறுபக்கத்திலிருந்து உயிரோடு திரும்பும். டைனமோ என்ற தன் சேமிப்பு அமைப்பைப் பற்றி அமேசான் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இதை ஒப்புக்கொண்டது: வாங்கும் கூடையில் சேர்த்தது ஒருபோதும் தொலையாது, நீக்கியது சில சமயம் மறுபடி தோன்றும். அவர்கள் தெரிந்தே ஏற்ற விலை அது. அனுமதிப் பட்டியலில் இதே விதியை வைத்தால்? நீக்கப்பட்ட ஊழியருக்கு அணுகல் திரும்பக் கிடைத்துவிடும். அங்கே சந்தேகம் வந்தால் நீக்கமே ஜெயிக்க வேண்டும். இரண்டும் பட்டியல்தான், விதி நேரெதிர்.

நிலைப் புலங்கள் இன்னும் தந்திரமானவை. ஒரு பக்கம் ஆர்டரை "ரத்து" ஆக்கியது, மறுபக்கம் "அனுப்பியாகிவிட்டது" ஆக்கியது. எந்தக் கணக்கும் இங்கே உதவாது. பொருள் நிஜமாகவே வண்டி ஏறிவிட்டதா என்பதுதான் கேள்வி. வெளியுலகில் நடந்துவிட்டதைத் திரும்பப் பெற முடியாது, எனவே அதுவே ஜெயிக்கட்டும். ரத்து கேட்டவருக்குத் திருப்பி அனுப்பும் வழியைத் திறந்துவிடுங்கள். இந்த முடிவை டேட்டாபேஸ் நிர்வாகி தனியாக எடுக்கக் கூடாது. அந்தத் துறையைத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எந்த இணைப்பாலும் தீராத வகை ஒன்று உண்டு. இருப்பு 10, ஒரு பக்கம் 7 விற்றது, மறுபக்கம் 6 விற்றது. வித்தியாசங்களைச் சேர்த்தால் கழித்தல் 3. ஒரே பயனர்பெயரை இரு பக்கத்திலும் இருவர் எடுத்துக்கொண்டதும் இதே ஜாதி. விதி ஏற்கெனவே மீறப்பட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்பது, பணத்தைத் திருப்பித் தருவது, ஒருவரின் பெயரை மாற்றச் சொல்வது என்று ஈடுசெய்யும் வழிகள்தான் மிச்சம். அப்படிப்பட்ட புலங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

இணைக்கும் விதியை நிரலாக எழுதும்போது மூன்று குணங்களைச் சோதியுங்கள். எதை முதலில் கொடுத்தாலும் அதே விடை, எப்படிக் கூட்டுச்சேர்த்தாலும் அதே விடை, ஒன்றையே இரண்டு தடவை கொடுத்தாலும் அதே விடை. இதில் ஒன்று பிசகினாலும், இரண்டு நோடுகள் தனித்தனியாகத் தீர்த்துவிட்டுப் புதிய முரண்பாட்டோடு வந்து நிற்கும்.

படி 5: தீர்வை எழுதுங்கள்

ஒரு நகல் சூழலில் ஸ்கிரிப்டை ஓட்டி, எந்தப் பதிவு எதிலிருந்து எதுவாக மாறும் என்று ஒரு கோப்பில் எழுதவையுங்கள். அந்தக் கோப்பை மனிதக் கண்ணால் படியுங்கள். நூறு பதிவைப் படித்தாலே விதியில் ஓட்டை இருந்தால் தெரிந்துவிடும்.

நிஜத்தில் எழுதும்போது ஒவ்வொரு பதிவுக்கும் நிபந்தனை போடுங்கள்: நான் பார்த்த வெர்ஷனே இன்னும் இருந்தால் மட்டும் மாற்று. இல்லையென்றால், நீங்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் பயனர் செய்த மாற்றத்தை உங்கள் ஸ்கிரிப்டே விழுங்கிவிடும்.

அதற்கப்புறம் அமைப்புக்கு அமைப்பு நுணுக்கங்கள் இருக்கின்றன. ரியாக்கில் படிக்கும்போது கிடைத்த சூழல் தகவலை (படித்த வெர்ஷன் எதுவென்ற குறிப்பை) எழுதும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உங்கள் தீர்வும் இன்னொரு உடன்பிறப்பாகச் சேரும், பதிவு வீங்கிக்கொண்டே போகும். கௌச்டிபியில் இணைத்த ஆவணத்தை வெற்றிக் கிளையின் மேல் எழுதிவிட்டு, தோற்ற கிளைகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். வரிசை முக்கியம், முதலில் எழுதுங்கள், பிறகு நீக்குங்கள். கசாண்ட்ராவில் எதிர்கால டைம்ஸ்டாம்போடு கிடக்கும் மதிப்பை வெல்ல, அதைவிடப் பெரிய டைம்ஸ்டாம்பை வெளிப்படையாகக் கொடுத்து எழுத வேண்டும். எவ்வளவு பெரிது என்பதில் கஞ்சத்தனம் காட்டுங்கள். ஒரு மைக்ரோவிநாடி கூடுதல் போதும்.

குளஸ்டர்எஃப்எஸ் போன்ற கோப்பு அமைப்புகளில் ஸ்ப்ளிட் பிரெயின் வந்த, அதாவது பிரதிகள் தனித்தனியே மாறிவிட்ட, கோப்பைத் திறந்தால் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழைதான் வரும். பெரிய கோப்பு, கடைசியாக மாறிய கோப்பு, குறிப்பிட்ட பிரிக்கில் (ஒரு சர்வரின் சேமிப்பு அடைவில்) உள்ள கோப்பு என்று மூன்றில் ஒரு அளவுகோலைச் சொல்லித் தீர்க்கலாம். இணைப்பதற்கு வழியில்லை என்பதால் தோற்ற கோப்பை முதலில் வெளியே நகல் எடுத்துவிடுங்கள். இரண்டு இயந்திரங்களின் வட்டுகளை ஒன்றுபோல வைக்கும் டிஆர்பிடியில் ஒரு பக்கம் தன் தரவைக் கைவிடுவதாகச் சொல்லி இணைய வேண்டும். அந்தக் கட்டளையை எந்த இயந்திரத்தில் தட்டுகிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள்.

நீக்கங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பரவிய அமைப்பில் நீக்குவது என்றால் "இது நீக்கப்பட்டது" என்ற குறிப்பை எழுதுவது. டூம்ஸ்டோன் என்பது அதற்குப் பெயர். கசாண்ட்ரா அதை இயல்பாக 10 நாள் வைத்திருக்கும், அப்புறம் கம்பாக்ஷனில் துடைத்துவிடும். ஒரு நோடு 12 நாள் படுத்துக்கிடந்து எழுந்தால், அதனிடம் பழைய பதிவு இருக்கும், மற்றவர்களிடம் நீக்கிய குறிப்பு இருக்காது. ரிப்பேர் ஓடும்போது பழையது புதுப்பதிவுபோல எல்லா இடத்திலும் பரவிவிடும். அந்த நோடைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் பாதுகாப்பு.

படி 6: சரிபாருங்கள்

பிரதிகள் ஒத்துப்போகின்றன என்று காட்டுவது முதல் பாதி. லட்சக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டாம். மெர்க்கில் மரம் இதற்காகவே இருக்கிறது. பதிவுகளின் ஹாஷ்களை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சிறு அடையாள எண்களை) இரண்டிரண்டாகச் சேர்த்து மேலே போய், உச்சியில் ஒரே ஹாஷ் கிடைக்கும். உச்சி ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது, இல்லையென்றால் வேறுபடும் கிளையில் மட்டும் இறங்கினால் போதும். கசாண்ட்ராவின் ரிப்பேர் உள்ளே இதைத்தான் செய்கிறது. தீர்வை எழுதியபின் இப்போது அதை ஓட்டலாம்.

ஆனால் எல்லாப் பிரதியும் ஒரே தவறைச் சொன்னாலும் மரம் ஒத்துப்போகும். எனவே பொருளையும் சோதியுங்கள்: விற்றதும் இருப்பும் சேர்ந்தால் வரவு வருகிறதா, எதிர்மறை இருப்பு உண்டா, ஒரே பெயரில் இரண்டு கணக்கு உண்டா. அப்புறம் டேட்டாபேஸுக்கு வெளியே: கேஷ், தேடல் இன்டெக்ஸ், அறிக்கைகளுக்கான தனி டேட்டாபேஸ், ஏற்கெனவே போய்விட்ட மின்னஞ்சல்கள். தோற்ற மதிப்பு அங்கெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கும்.

படி 7: மறுபடி வராமல் செய்யுங்கள்

மூன்று பிரதிகள் இருக்கும் இடத்தில் இரண்டில் எழுதி இரண்டில் படித்தால், இரண்டும் குறைந்தது ஒரு நோடிலாவது சந்திக்கும். கோரம் என்பது இதுதான். பழைய மதிப்பைப் படிப்பதை இது பெருமளவு தடுக்கும். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதுவதை இது தடுப்பதில்லை. கோரம் வைத்தாயிற்று, இனி முரண்பாடு வராது என்று நம்பிக் கெட்டவர்கள் நிறைய. டைனமோ கட்டுரையில் ஒரு சுவாரசியமான தகவல் உண்டு. கூடைச் சேவையை 24 மணி நேரம் கவனித்ததில் 99.94 சதவீதக் கோரிக்கைகள் ஒரே ஒரு வெர்ஷனைத்தான் பார்த்தன. மீதியில் வெர்ஷன்கள் பெருகுவதற்குக் காரணம் பழுதுகள் அல்ல, ஒரே நேரத்தில் எழுதுபவர்கள் கூடியதுதான், அதிலும் பெரும்பாலும் தானியங்கி நிரல்கள். உங்கள் முரண்பாடுகளையும் எந்தக் கிளையன்ட் உண்டாக்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு வேலை மாட்டும்.

படி 4-இல் குறித்துவைத்த புலங்களை, அதாவது மீறவே கூடாத விதியுள்ளவற்றை மட்டும், பெரும்பான்மை நோடுகள் ஒப்புக்கொண்டால்தான் மாற்றம் நடக்கும் ஒருமித்த முடிவுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். ராஃப்ட், பேக்ஸாஸ் போன்ற நெறிமுறைகள் அதற்குத்தான். கசாண்ட்ராவில் நிபந்தனையுடன் எழுதும் வசதியும் பேக்ஸாஸில்தான் ஓடுகிறது. மாங்கோடிபி 5.0 முதல் பெரும்பான்மை நோடுகள் உறுதிசெய்த பிறகே வெற்றி சொல்வதை இயல்பாக்கியிருக்கிறது, பழைய அமைப்பிலிருந்து வந்தவர்கள் அதைச் சரிபார்க்க வேண்டும். எல்லாவற்றையும் இப்படி மாற்றினால் தாமதம் கூடும், பெரும்பான்மை இல்லாதபோது எழுதவே முடியாது. பயனர்பெயருக்கு அந்த விலை தகும், கடைசியாக வந்த நேரத்துக்குத் தகாது.

இரண்டாகப் பிரிந்தாலும் ஒரு பக்கம் பெரும்பான்மை இருக்கும்படி நோடுகளை ஒற்றைப்படையில் வையுங்கள். இரண்டே பிரதி வைக்கத்தான் வசதி என்றால், குளஸ்டர்எஃப்எஸ்ஸில் உள்ளதுபோல் பெயர்களையும் விவரங்களையும் மட்டும் வைத்திருக்கும் நடுவர் பிரிக் ஒன்றைச் சேருங்கள். தலைமை மாறும் அமைப்பில், ஒவ்வொரு தலைமைக்கும் ஏறுவரிசையில் ஒரு எண் கொடுத்து, சிறிய எண்ணோடு வரும் மாற்றத்தைச் சேமிப்பகமே மறுக்கும்படி செய்யுங்கள். இல்லையென்றால் சிறிது நேரம் உறைந்துபோய் எழுந்த பழைய தலைமை, தான்தான் இன்னும் தலைமை என்று நம்பி எழுதிக்கொண்டிருக்கும்.

கடிகார விலகலை எச்சரிக்கைப் பலகையில் சேருங்கள். சோதனை கிளஸ்டரில் ஒரு நோடின் கடிகாரத்தை 5 நிமிடம் முன்னால் தள்ளி, நெட்வொர்க்கை ஃபயர்வால் விதியால் இரண்டாக வெட்டி, இருப்பு 10 உள்ள ஒரே பதிவில் ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 குறைத்து, பிறகு வெட்டை எடுங்கள். வேலை முடிந்தபின் இருப்பு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 3 வந்தால் அடுத்து மூன்று நோடுகளில், நீக்கங்களோடு சேர்த்து, அதே சோதனையை ஓட்டலாம்.